பெட்டியின் முதுகில் ஒரு கோடு

வினைலை உரிக்கும்போது அவசரம் ஆகாது. ஹீட் கன்னால் சூடு காட்டி, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, உரிந்த தாளைப் பின்பக்கமாக மடக்கி, மூச்சு விடுகிற வேகத்தில் இழுக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். பசை அங்கேயே தங்கிவிடும். அதைத் துடைத்தெடுக்க அரை நாள் போய்விடும்.

அன்று காலை என் மேசைமேல் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சாமான் வைக்க மாட்டுகிற, வலப்பக்க அலுமினியப் பெட்டி. இரண்டு வருடங்களுக்கு முன் அதற்குக் கறுப்பு வினைல் ஒட்டியவள் நான்தான். அப்போது ஜோடியாக வந்தது. இப்போது ஒன்று மட்டும் வந்திருந்தது.

எங்கள் கடையில் இரண்டே பேர். பெயர்ப்பலகை, நம்பர் பிளேட் எல்லாம் அண்ணன் வேலை. கார், வண்டி, பெட்டி என்று தாள் ஒட்டுவதெல்லாம் என் வேலை. கத்தி பிடிக்கிற கை என்பதால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் டாக்டரம்மா. வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

"டாக்டரம்மா, பேஷன்ட் வந்தாச்சு. அட்மிட் பண்ணிக்கோ" என்றுதான் அன்றும் குரல் கொடுத்தான்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்பு வந்தபோது நிறையப் பேசினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மனைவியோடு வண்டியிலேயே ஊர் ஊராகப் போகப்போவதாகவும், அதற்கு ஒத்திகையாக இப்போதே சின்னச் சின்னப் பயணம் போவதாகவும் சொன்னார். வெறும் அலுமினியத்தில் மழை பட்டால் வெள்ளை பூத்துவிடுகிறது, உரசினால் துணியில் கரி அப்பிவிடுகிறது என்று மனைவி சலித்துக்கொள்வதாகச் சொல்லித்தான் வினைல் ஒட்டக் கொடுத்தார். இந்த முறை பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வாடகைக் கார் ஒன்று நின்றது. பின் இருக்கையில் அவர் மனைவி.

"பழசை உரிச்சுட்டுப் புதுசா ஒட்டிடுங்க, கீறல் எதுவும் வெளிய தெரியக் கூடாதும்மா. நாளைக்கு ஒருத்தர் வந்து விலைக்கு எடுத்துக்கறேன்னிருக்கார். அவருக்கு வலது பெட்டி நசுங்கிப்போச்சாம். நமக்கு இடது பெட்டி போச்சு. என்ன பொருத்தம் பாருங்க" என்று சிரிக்கப் பார்த்தார்.

"இடதுக்கு என்ன சார் ஆச்சு?"

"பிச்சுக்கிட்டுப் போச்சு."

முன்பக்கத்தை முழுவதுமாக உரித்து முடிக்கும் வரைக்கும் ஹீட் கன்னின் இரைச்சல் மட்டுமே இருந்தது. பிறகு, நான் எப்போதோ கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது போலப் பேச ஆரம்பித்தார்.

"மலையிறக்கம். நல்ல ரோடு. வேகம்கூட இல்ல. திடீர்னு இடது பக்கம் இழுத்துச்சு. பெட்டி ஒரு கொக்கியில தொங்கிக்கிட்டுப் பின் சக்கரத்துல மாட்டியிருக்கு. நான் ஒரு பக்கம் விழுந்தேன், அவ ஒரு பக்கம் விழுந்தா. பின்னால வந்த லாரி பெட்டி மேலயும் ஏறிச்சு, அவ கால் மேலயும் ஏறிச்சு." தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "இது வரைக்கும் எடுத்துட்டாங்க. நாலு மாசமாச்சு."

நான் ஹீட் கன்னை அணைத்தேன்.

"உள்ளேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான், பத்துக் கிலோவுக்கு மேல வைக்காதேன்னு. இவ தையல் மிஷின் தலையைக் கொண்டுவந்து வச்சா. தங்கச்சி வீட்டுக்காம். பதினாலு கிலோ. வேண்டாம்னேன். ஒரு நாள் வழிதானேன்னா." கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "லிஃப்ட்ல எட்டு பேர்னு போட்டிருந்தா எட்டு பேர்தாம்மா. ஒன்பதாவது ஆள் உள்ள நின்னா கதவை மூடவே விடமாட்டேன், அது முதலாளியா இருந்தாலும். இருபத்தெட்டு வருஷமா அப்படி. வீட்டுல மட்டும் விட்டுட்டேன்."

அண்ணன் நம்பர் பிளேட்டில் எழுத்து ஒட்டுவதை நிறுத்தியிருந்தான். நான் பெட்டியைத் திருப்பி வைத்தேன்.

பெட்டியின் முதுகு என்று நாங்கள் சொல்வது சக்கரத்தைப் பார்த்த பக்கம். அங்கே தடித்த தகடு ஒன்றை ரிவெட் அடித்து வைத்திருப்பார்கள். வண்டியில் மாட்டுகிற கொக்கிகள் அந்தத் தகட்டில்தான் இருக்கும். முழுப் பாரமும் அதில்தான். தாளை முதுகு முழுக்கப் போர்த்தி ஒட்டிவிட்டு, பிறகு தகட்டின் ஓரத்தோடு வெட்டி, தகட்டின்மேல் இருக்கிற தாளை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

வெட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. நூல் டேப் என்று ஒன்று வருகிறது. அதை முதலில் ஒட்டி, மேலே தாளை ஒட்டி, உள்ளிருக்கும் நூலைப் பிடித்து இழுத்தால் தாள் அடியிலிருந்தே அறுந்து வரும். பிளேடே படாது. அண்ணன் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அதை வாங்கி வைத்திருந்தான். அது கை நடுங்குகிறவர்களுக்கு என்று நான் தொடவே இல்லை. நான் கத்தியால் வெட்டுகிறவள். ஒவ்வொரு வேலைக்கும் பிளேடின் முனையை ஒடித்துப் புதிதாக்கிக்கொண்டு, தகட்டின் ஓரத்தையே ஸ்கேலாக வைத்து, ஒரே இழுப்பு. காரின் பெயின்ட் மேலென்றால் என் கை பூவைத் தொடுவது போலப் போகும். கீழே இருப்பது பெயின்ட் என்ற பயம் விரலில் இருக்கும். பெட்டிக்கு அந்தப் பயம் கிடையாது. உலோகம்தானே, அதற்கென்ன வலிக்கப்போகிறது என்று கொஞ்சம் அழுத்தியே இழுப்பேன். அழுத்தினால்தான் ஓரம் பிசிறில்லாமல் வரும்.

முதுகுத் தாள் சுலபமாக உரிந்து வந்தது. தகட்டைச் சுற்றி, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. என் கோடு. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு நேராக இருக்கிறது என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகுதான் நகத்தை வைத்தேன். நகம் மாட்டியது. மேல் மூலையில் நகம் உள்ளே இறங்கியது.

ஃபோனில் டார்ச்சைப் போட்டு, பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சாத்தினேன். பெட்டியை மேசைக்குக் கீழே நிழலில் வைத்துக் குனிந்து பார்த்தபோது, தகட்டின் மேல் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெளிச்ச நூல் தெரிந்தது. வளைவில்லாமல், பிசிறில்லாமல், நான் இழுத்த வழியிலேயே போயிருந்தது அந்த விரிசல்.

அண்ணன் பின்னால் வந்து நின்று அதைப் பார்த்தான். என் தோளைத் தொட்டு, "அந்தச் சிவப்பு ரோல் எங்க வச்சே, வந்து எடுத்துக் குடு" என்று சத்தமாகச் சொன்னான். எங்களிடம் சிவப்பு ரோலே கிடையாது. பின்னறைக்குப் போனோம். தாள் வெட்டுகிற மிஷினை ஓடவிட்டான், பேச்சு வெளியே கேட்காமல் இருக்க.

"வாயைத் திறக்காதே."

"என் வெட்டுதாண்ணா அது."

"எவன் சொன்னான்? அந்தப் பெட்டியைப் பாத்தியா நீ? அது லாரியில அரைபட்டு எங்கேயோ பழைய இரும்போட போயிருக்கும்."

"இதைப் பாத்தேனே."

"இது இது. அது அது."

"ஒரே நாள்ல ஒட்டினது. ஒரே பிளேடு, ஒரே கை. அதுல பாரம் இருந்துச்சு, முந்திக்கிச்சு. இதுல பாரம் இல்ல, காத்துக்கிட்டிருக்கு. அவ்வளவுதான்."

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டான். "ஒட்டிக் குடுத்துடு. அவர் கேட்டது அதைத்தானே? ஒட்டறதுதான் நம்ம தொழில். பரிசோதனை பண்றது நம்ம தொழில் இல்ல."

"நாளைக்கு வாங்கிட்டுப் போறவன்?"

"அவன்கிட்ட வெயிட்டு வைக்காதீங்கன்னு சொல்லச் சொல்லலாம்."

நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கே அது எப்படி ஒலித்தது என்று தெரிந்திருக்க வேண்டும். கோபம் வந்துவிட்டது.

"உனக்கென்ன, ஒண்டிக்கட்டை. எனக்குப் பின்னால மூணு உசிரு இருக்கு. நாளைக்குப் போலீஸு, கோர்ட்டுன்னு வந்தா யார் அலையறது? உன் கையை நம்பித்தான் இந்தக் கடை ஓடுது. அந்தக் கையை நீயே வெட்டிக்காதே."

"நூல் டேப் வாங்கிக் குடுத்தியே, அப்ப ஏன் என்னை அடிச்சுத் திருத்தல?"

"ஏன்னா நீ வெட்டறது அழகா இருந்துச்சு" என்றான். குரல் தணிந்திருந்தது. "நானும் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

தாள் இல்லாத மிஷின் வெறுமனே வலமும் இடமும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் அதே விளிம்பில், அதே வாசலைப் பார்த்தபடி இருந்தார். "சார், கொஞ்சம் குனிஞ்சு இதைப் பாருங்க" என்றேன்.

வெளிச்ச நூலைப் பார்த்தார். மூடியைத் திறந்து, ஃபோனை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, உள்பக்கம் விரலை ஓட்டினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முகத்தை மிக அருகில் கொண்டுபோனார். விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. உலோகத்தோடு இருபத்தெட்டு வருடம் இருந்தவர். நான் கத்தியை எடுத்து எப்படி வெட்டினேன் என்று மட்டும் காட்டினேன். கத்தி அந்தக் கோட்டில் தானாகவே போய் உட்கார்ந்தது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"பத்துன்னு எழுதினா இருபது தாங்கற மாதிரிதான் செய்வாங்க" என்றார் கடைசியில். "எல்லாத்தையும் அப்படித்தான் செய்வாங்க. எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தப்பவே தோணிச்சு, பதினாலு கிலோவுக்கு எப்படிப் பிச்சுக்கும்னு. தோணிச்சு, விட்டுட்டேன்."

"ஏன் சார்?"

நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"ஒட்டிடுங்கம்மா."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "விக்கறதுக்கா?"

"சே, இல்ல. அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். ஒட்டிக் குடுங்க. பரண்ல போட்டுடறேன். இவ கண்ணுல மட்டும் படக் கூடாது."

"அவங்ககிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"அவ கண்ணு முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி, மிஷினுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு. எனக்கு அப்ப..." நிறுத்தினார். "அந்த மிஷின்தாண்டி உன் காலை எடுத்துச்சுன்னு சொல்லிட்டேன். நர்ஸு, பக்கத்துப் படுக்கை, எல்லாரும் இருந்தாங்க. அதுக்கு அவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. தைக்கறதையும் விட்டுட்டா. இப்பப் போய் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

சாம்பல் நிற ரோல் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை விரித்தேன், பெட்டியின் முதுகுக்கு அளவு பார்த்தேன். ஒரு மணி நேர வேலை. தாள் படிந்துவிட்டால் எதுவும் தெரியாது. மூன்று பேர் இருந்தோம் அந்த அறையில். மூன்று பேருக்குமே அந்தப் பெட்டியை மூடிவிட வேண்டியிருந்தது. அண்ணனுக்குக் கடை, அவருக்கு மனைவியின் முகம், எனக்கு என் கை. மூட வேண்டாதவர் ஒருவர்தான். அவர் வெளியே காரில் இருந்தார், அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அளவு பார்த்த தாள் தானாகவே சுருண்டுகொண்டது. நான் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "ஏய்" என்றான் அண்ணன். யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை.

காரின் பின்கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. ஒல்லியான பெண். மடியில் ஒரு போர்வை. போர்வையின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அந்தப் பக்கம் என் பார்வை போனதை அவர் கவனித்தார், கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"அக்கா, ஒட்டினது நான்தான்" என்று ஆரம்பித்தேன். மீதியை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சுருக்கமாகத்தான் சொல்லியிருப்பேன். தாள், கத்தி, அழுத்தம், விரிசல். மிஷின் மட்டும் காரணமில்லை என்றேன். பிறகு, மிஷின் காரணமே இல்லை என்று திருத்திச் சொன்னேன்.

பெட்டியைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். கோட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டினார், துணியின் தையலைத் தடவிப் பார்ப்பதுபோல.

"மேல் துணியை வெட்டறப்ப அடித்துணியும் சேந்து வெட்டுப்பட்டுடும்" என்றார். "கையில நம்பிக்கை ஜாஸ்தியா இருக்கறப்பதான் அப்படி ஆகும். எனக்கும் ஆகியிருக்கு. ஒரு தடவை ஒருத்தரோட கோட்டு."

"என்ன பண்ணீங்க?"

"அதே துணி தேடி வாங்கி, புதுசா தைச்சுக் குடுத்தேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க எனக்கு என்ன தைச்சுக் குடுப்பீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது. நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கணவர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான். உள்ள காட்டினாங்க."

"காட்டினதுக்கப்புறம் எவ்வளவு நேரம் உள்ள இருந்தீங்க?"

மெக்கானிக் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த அம்மாள் காத்திருந்தார். பிறகு பெட்டியை மடியிலிருந்து தள்ளி, பக்கத்து இருக்கையில் வைத்தார். அவர் கணவர் உட்கார்ந்து வந்த இடம் அது.

"நீங்க முன்னால உக்காருங்க" என்றார்.

என் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரி எத்தனை பெட்டி வெட்டியிருக்கீங்க?"

ஒட்டியிருக்கீங்க என்று சொல்லவில்லை. வெட்டியிருக்கீங்க என்றார்.

இந்தக் கேள்வி எனக்கு அதுவரை எழவே இல்லை. அந்த ஒரு பெட்டியும் அதன் ஜோடியும் தவிர வேறெதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"நாப்பது இருக்கும். அதுக்கு மேலயே இருக்கும்."

"அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"ரோட்டுல."

"அப்ப இங்க என்ன நின்னுக்கிட்டிருக்கீங்க?" என்றார். "கதவைச் சாத்துங்க."

சாத்தினேன்.

கார் போனதும் கடைக்குள் வந்து ஃபோனை எடுத்தேன். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியையும் படம் எடுத்து, சொந்தக்காரருக்கு அனுப்புவது என் வழக்கம். என் வேலையை நானே ரசிப்பதற்காக வைத்துக்கொண்ட வழக்கம். ஃபோனில் கீழிருந்து மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பச்சை, மணல் நிறம், கறுப்பு, வெள்ளைக் கோடு போட்டவை. எல்லாப் படத்திலும் முதுகு உண்டு. முதுகைக் காட்டுவதில்தான் எனக்குப் பெருமை.

அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான். எனக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். என்னைத் தடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். தன் ஃபோனை எடுத்தான்.

"நான் எதையும் ஒத்துக்கல, தெரிஞ்சுக்கோ" என்றான். "நம்பரைச் சொல்லு."

அவனுக்கு ஐந்து சொன்னேன். நான் ஐந்து எடுத்துக்கொண்டேன். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள், பெட்டி வீட்டில்தான் இருக்கிறது, பழைய பேப்பர் போட்டு வைத்திருக்கிறேன் என்றான். டார்ச் வைத்துப் பார்க்கச் சொன்னேன். என்னவோ புது வியாபாரத் தந்திரம் என்று நினைத்துச் சிரித்தான். இரண்டாம் முறை சொன்னபோது சிரிப்பு நின்றது. எதிரே அண்ணன் யாரிடமோ, "தப்பா நினைக்காதீங்க, பெட்டியைக் கழட்டிட்டு ஓட்டுங்க, காரணம் அப்புறம் சொல்றேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தார்.

"அவர் ஃபோனை வீட்டுல மறந்து வச்சுட்டுக் கிளம்பிட்டாருங்க. நீங்க யாரு?"

"வண்டிப் பெட்டிக்கு வினைல் ஒட்டினவ."

"டாக்டரம்மாவா?" குரல் மலர்ந்தது. "எவ்வளவு நல்லா ஒட்டியிருந்தீங்க! மூணு வருஷமாச்சு, ஒரு மூலைகூட எழும்பலையே. யார் கேட்டாலும் உங்க பேரைத்தான் சொல்வார்."

"எப்பங்க கிளம்பினார்?"

"இப்பதான், ஒரு மணி நேரம் இருக்கும். எங்க பொண்ணு ஹாஸ்டலுக்குத் திரும்பப் போறா. புஸ்தகம் எல்லாம் பெட்டியில அடுக்கி, அவளையும் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டுப் போயிருக்கார்."

அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"பொண்ணுகிட்ட ஃபோன் இருக்கா?"

"இருக்கு. வண்டியில போறப்ப எடுக்க மாட்டா. ஏன், என்ன விஷயம்?"

"அந்த நம்பரைக் குடுங்க" என்றேன். "எந்த ரோட்டுல போயிருக்காங்க, அதையும் சொல்லுங்க."